விருந்தும் காவலும்

   

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மேடையில் மருத்துவப் பொருள் ஒன்று எடுத்துக்கொள்ளப்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மாற்றுறுப்புப் பெற்றவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சுயிரி நோய்கள் என்னும் பொருள் மருத்துவர் மாநாட்டுக்கு உரியது, கவிஞர் அவைக்கு உரியதன்று என்று தோன்றுதல் இயல்பே. ஆயினும் இந்நோய்களின் வரலாற்றை உற்று நோக்கினால், அதன் திருப்பங்கள் பலவற்றில் ஒரு சொல் நிற்பதைக் காணலாம். உரிய வேளையில் கேட்கப்படாத ஒரு கேள்வி, சொல்லப்படாமல் போன ஒரு செய்தி, நோயாளியின் வாயில் தடுமாறிய ஒரு பெயர் ஆகியவை உயிர்களின் போக்கை மாற்றியிருக்கின்றன. சொல்லைப் பேணுவோர் கூடிய அவையில் இப்பொருள் பேசப்படுவதற்கு அதுவே காரணம்.

தன் உடலின் ஒரு பகுதியைப் பிறர்க்கு ஈதல் என்னும் எண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. குருதி வடிந்த இறைவனின் கண்ணுக்குத் தன் கண்ணை அகழ்ந்து அப்பிய திண்ணனாரின் வரலாற்றைப் பெரிய புராணம் பாடியிருக்கிறது. அங்கே கொடுத்த கண் கொடுத்தவுடன் பொருந்தியது, குருதியும் நின்றது. மனித உடலிலோ அவ்வாறு நிகழ்வதில்லை. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த மொழி தமிழ். ஆனால் அம்மொழியைப் பேசுவோரின் உடல் உட்பட எந்த மனித உடலுக்கும் விருந்தோம்பல் தெரியாது. அயலாரின் உறுப்பு, அன்பினால் கொடுக்கப்பட்டதாயினும், உடலின் காவலர்களுக்கு அது பகையே.

இவ்வுண்மையை ஆய்வு வழியே நிறுவியவர் பீட்டர் மெடவார். இரண்டாம் உலகப் போரில் தீப்புண் பட்டோருக்குப் பிறருடைய தோலை ஒட்டியபோது அது சில நாள்களில் உதிர்ந்துவிடக் கண்ட அவர், அதற்குக் காரணம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே என்று விலங்கு ஆய்வுகளால் மெய்ப்பித்தார். 1960-ஆம் ஆண்டு நோபல் பரிசை மக்ஃபார்லேன் பர்னெட்டுடன் பகிர்ந்துகொண்டார். 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே வெற்றிகரமாகச் செய்த சிறுநீரக மாற்று அறுவையும் இவ்வுண்மைக்குச் சான்றே. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். எனவே உடலின் காவலர்கள் வந்த உறுப்பை அயல் எனக் கருதவில்லை. ஆனால் இரட்டையர் வாய்க்காத கோடிக்கணக்கானோருக்கு என்ன வழி?

வழி ஒன்றே இருந்தது. காவலைத் தளர்த்த வேண்டும். கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகிய இருவரின் ஆய்வகத்தில் 1957-இல் உருவான அசாதயோப்ரின் என்னும் மருந்து முதற்கதவைத் திறந்தது. அதன் துணையால் 1962-இல் மரேயின் குழு, இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை உறவில்லாத இன்னொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டது. பின்னர் நார்வே நாட்டு மேட்டுநிலத்து மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. 1983-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஜப்பானின் த்சுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது. மண்ணுக்கடியில் வாழும் சிற்றுயிர்கள் தமக்குள் நடத்தும் போருக்கெனச் செய்துகொண்ட பொருள்கள் மனிதனுக்கு மறுவாழ்வு தந்தன. இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது. 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 2008 முதல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறையாகப் பகிர்ந்தளிக்கும் திட்டம் நடந்து வருகிறது.

இம்மருந்துகள் செய்வது என்ன என்பதைத் தெளிவாக உணர்தல் வேண்டும். குருதியிலுள்ள வெள்ளணுக்களில் டி அணுக்கள் என்னும் ஒரு வகை உண்டு. அயலானைக் கண்டறிந்து தாக்க ஆணையிடுபவை அவையே. மாற்றுறுப்பைத் தள்ளுபவையும் அவையே. நச்சுயிரி என்னும் வைரஸ், உடலின் அணுக்களுக்குள் புகுந்து ஒளிந்து வாழ்வது. ஒளிந்திருப்பதை அணுவோடு சேர்த்து அழிக்க வல்லவையும் பெரும்பாலும் அதே டி அணுக்களே. விருந்தினர் தங்கும்பொருட்டுக் காவலனை உறங்க வைத்த வீட்டில், திருடனுக்கும் வாயில் திறந்துவிடுகிறது. மாற்றுறுப்புப் பெற்றவரின் வாழ்வு முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே நடக்கும் கயிற்றின்மேல் நடையாகும். மருந்து குறைந்தால் உறுப்பு போகும்; மிகுந்தால் நச்சுயிரி எழும்.

எழும் நச்சுயிரி நுரையீரலையோ குடலையோ தாக்குமாயின் இருமலும் கழிச்சலும் அதனை அறிவித்துவிடும். நரம்பு மண்டலத்தைத் தாக்கும்போதோ அறிவிப்பே மங்கிவிடுகிறது. நோயை உணர்ந்து சொல்ல வேண்டிய உறுப்பே நோய்ப்பட்டுக் கிடக்கிறது. இத்தகைய நச்சுயிரிகள் மூன்று வழிகளில் வருகின்றன. சில, வீட்டிற்குள்ளேயே நெடுங்காலம் உறங்கிக் கிடந்தவை. சில, விருந்தினரோடு உடன் வந்தவை. சில, அறுவைக்குப் பிறகு தெருவிலிருந்து நுழைந்தவை.

முதல் வகையைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிவர். சின்னம்மை கண்ட வீட்டில் வாயிலில் வேப்பிலை செருகுவதும், கொப்புளங்கள் காய்ந்தபின் தலைக்குத் தண்ணீர் விடுவதும், 'அம்மை இறங்கிவிட்டாள்' என்று ஆறுதல் அடைவதும் ஊர்தோறும் உள்ள வழக்கம். மருத்துவ அறிவியலின்படி அந்த நச்சுயிரி உடலை விட்டு நீங்குவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும், முகத்து நரம்புகளின் முடிச்சுகளிலும் பல பத்தாண்டுகள் அது உறங்குகிறது. முதுமையிலோ உடல் தளர்விலோ விழித்தெழுந்து நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வரிசையாகக் கொப்புளங்களை எழுப்பும். அதனையே அக்கி என்பர். குயவரிடம் சென்று காவி கொண்டு அக்கி எழுதிவரும் வழக்கம் சிற்றூர்களில் இன்றும் மறையவில்லை. எதிர்ப்பாற்றல் உள்ளவருக்குப் பெரும்பாலும் அந்நோய் தோலளவில் தங்கி, சில கிழமைகளில் ஆறிவிடும். அக்கி எழுதிய காவிக்கு அதன் பெருமை போய்ச் சேரும். மாற்றுறுப்புப் பெற்றவருக்கு அக்கி அவ்வாறன்று. தோலுக்கு வரவேண்டிய நச்சுயிரி முதுகுத்தண்டுவடத்திற்கும் மூளைக்கும் மூளையின் குருதிக் குழாய்களுக்கும் பரவக்கூடும். அதனால் பக்கவாதமும் வரலாம். அவருக்கு அக்கி கண்ட அன்றே மருத்துவரிடம் செல்லுதல் கடமை. ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்பதற்கு அங்கே இடமில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு உறவினர்களும் உண்டு. உதட்டோரம் சிறு கொப்புளமாக வரும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ், மூளைக்கு ஏறினால் காதையொட்டிய பொட்டு மடல்களைத் தாக்கும். மொழிக்கும் நினைவுக்கும் இன்றியமையாத பகுதி அது. மனித ஹெர்ப்பிஸ் ஆறு என்று எண்ணால் பெயரிடப்பட்ட நச்சுயிரி, பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறு காய்ச்சலாக வந்து போவது. எலும்பு மஜ்ஜை மாற்றுப் பெற்றவர்களிடம் அது மாற்றுக்குப் பின் சில கிழமைகளில் விழித்தெழுந்து, புதிய நினைவுகளை எழுதும் மூளைப் பகுதியைத் தாக்குவதுண்டு. அந்நோயாளிக்குப் பழைய பாடல்கள் நினைவில் இருக்கும். காலையில் வந்து சென்றவர் யார் என்பது நினைவில் இராது. சைட்டோமெகலோ நச்சுயிரி மாற்றுறுப்புப் பெற்றவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. அது பெரும்பாலும் குடலையும் நுரையீரலையும் தாக்கும். அரிதாகக் கண்ணின் விழித்திரையையும் மூளையையும் தாக்கும்.

இவ்வரிசையில் தனித்து நிற்பது ஜே.சி. நச்சுயிரி. மூளையின் வெண்பொருள் படிப்படியாகக் கரையும் ஒரு விந்தை நோயை 1958-இல் மருத்துவர்கள் முதன்முதலாகத் தொகுத்து விளக்கினர். அதற்குக் காரணமான நச்சுயிரி 1971-இல் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் அழைக்கப்பட்டது. அதே ஆண்டில் சிறுநீரக மாற்றுப் பெற்ற வேறொருவரிடமிருந்து அதன் உடன்பிறப்பான பி.கே. நச்சுயிரி கிடைத்தது, அதுவும் அவ்வாறே பெயர் பெற்றது. உலகில் வயது வந்தோரில் பாதிப்பேருக்கும் மேலானவர்களின் உடலில் ஜே.சி. நச்சுயிரி தீங்கின்றிக் குடியிருக்கிறது. எதிர்ப்பாற்றல் நெடுநாள் தளர்ந்திருப்போரில் மிகச் சிலருக்கு அது மூளைக்குச் சென்று, நரம்பிழைகளின்மேல் உறை நெய்யும் அணுக்களை அழிக்கிறது. உறையிழந்த நரம்பில் செய்தி ஓடாது. ஒரு கை வலுவிழத்தல், பார்வையின் ஒரு பாதி மறைதல், சொல் குழறுதல் ஆகியவை கிழமைக் கணக்கில் மெல்ல மெல்ல வரும். இன்றளவும் இந்நச்சுயிரியைக் கொல்லவென்று உறுதியான மருந்து கிடையாது. உறங்க வைத்த காவலனை எழுப்புவதே அதற்கு உள்ள வழி.

இரண்டாவது வகை, விருந்தினரோடு உடன் வருவது. அரிதினும் அரிதானது, ஆயினும் இதன் வரலாறு நெஞ்சை உலுக்குவது. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர் மூளையில் குருதி கசிந்து இறந்தார் எனக் கருதப்பட்டது. அவருடைய கல்லீரலும் இரு சிறுநீரகங்களும் மூவருக்குப் பொருத்தப்பட்டன. நான்காமவர் ஒருவருக்கு அவருடைய தமனித் துண்டு ஒன்று வேறோர் அறுவையில் பயன்பட்டது. சில கிழமைகளுக்குள் நால்வரும் மூளையழற்சியால் இறந்தனர். ஆராய்ந்தபோது அது வெறிநாய்க்கடி நோய் எனத் தெரியவந்தது. கொடையாளர் தம்மை ஒரு வௌவால் கடித்தது என்று தமக்கு வேண்டியவர்களிடம் முன்பே சொல்லியிருந்தார். அச்சொல் உரிய இடத்திற்கு உரிய வேளையில் வந்து சேரவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது நண்பர்களிடையே பேசப்பட்ட ஒரு வரி, நான்கு உயிர்களின் எடை கொண்டதென்று அன்று எவரும் அறிந்திலர்.

அடுத்த ஆண்டே, 2005-இல், ஜெர்மனியில் இதே துயரம் நிகழ்ந்தது. கொடையாளர் இந்தியாவுக்குச் சென்று திரும்பியிருந்த பெண்மணி. நுரையீரல் பெற்றவர், சிறுநீரகம் பெற்றவர், சிறுநீரகமும் கணையமும் பெற்றவர் ஆகிய மூவரும் வெறிநோயால் இறந்தனர். அவருடைய கல்லீரலைப் பெற்றவர் பிழைத்தார். பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தவர். காவலன் தளர்ந்திருந்தும், பழைய பகைவனின் முகத்தை அவன் மறந்துவிடவில்லை. வெறிநோய் நெடுநாள் பதுங்கியிருக்க வல்லது என்பதற்கும் சான்று உண்டு. 2013-இல் அமெரிக்காவில் ஒருவர், சிறுநீரகம் பெற்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்தபின் இந்நோயால் இறந்தார். அதே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற ஏனைய மூவர் உடனே மருத்துவம் பெற்று நோயின்றி வாழ்ந்தனர்.

2002-இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற நால்வருக்கு மேற்கு நைல் நச்சுயிரி தொற்றியது. மூவருக்கு மூளையழற்சி கண்டது, ஒருவர் இறந்தார். கொசுவால் பரவும் அந்நோய் கொடையாளருக்கு வந்த வழியைத் தேடியபோது, விபத்தில் சிக்கிய அவரைக் காப்பதற்காகச் செலுத்தப்பட்ட குருதியே காரணம் எனத் தெரிந்தது. மறு ஆண்டிலேயே, 2003-இல், அந்நாட்டில் கொடையாகப் பெறும் குருதியனைத்தையும் அந்நச்சுயிரிக்காகச் சோதிக்கும் முறை வந்தது. 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் இரு கொடையாளர்களிடமிருந்து எட்டுப் பேர் உறுப்புப் பெற்றனர். எலியினங்கள் சுமக்கும் ஒரு நச்சுயிரியால் அவர்களுள் எழுவர் இறந்தனர். 2005-ஆம் ஆண்டுக் கொடையாளரின் வீட்டில் வளர்ந்த ஹாம்ஸ்டர் என்னும் சிறு வளர்ப்புப் பிராணியிடம் அந்நச்சுயிரி இருந்தது. எட்டாமவருக்கு ரிபாவிரின் என்னும் மருந்தைக் கொடுத்து, எதிர்ப்பைத் தளர்த்தும் மருந்துகளையும் மருத்துவர் குறைத்தனர், அவர் பிழைத்தார்.

மூன்றாவது வகை தெருவிலிருந்து வருவது. தமிழ்நாட்டில் வாழும் மாற்றுறுப்புப் பெற்றவருக்கு அயல்நாட்டு வௌவாலைவிட இதுவே அண்மையில் உள்ளது. நெல்வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுக்கள் சுமக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955-இல் கண்டறியப்பட்ட இடம் வேலூர்ப் பகுதியே. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதும் அவ்வூரிலேயே என்பது எண்ணத்தக்கது. அந்நச்சுயிரி தொற்றியவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை. அத்தகைய ஒருவர் நலமாக இருப்பதாகவே எண்ணிக் கொடுத்த குருதியின் வழியே 2017-இல் ஹாங்காங்கில் நுரையீரல் மாற்றுப் பெற்ற ஒருவருக்கு மூளையழற்சி வந்தது. தெருநாய்க் கடியும் இவ்வகையைச் சேர்ந்ததே. மாற்றுறுப்புப் பெற்றவரை நாய் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவ வேண்டும். பின்னர் மருத்துவமனையில் தாம் மாற்றுறுப்புப் பெற்றவர் என்பதை முதற்சொல்லாகக் கூற வேண்டும். ஏனெனில் தடுப்பூசியின் தவணைகளும், அதனோடு சேர்த்துத் தரப்படும் எதிர்ப்புப் புரத ஊசியும் அச்சொல்லைக் கொண்டே முடிவு செய்யப்படும்.

இனி, இந்நோய்களைக் கண்டறிதல் ஏன் கடினம் என்பதைப் பார்க்கலாம். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கடுந்தலைவலி ஆகியவை மூளையழற்சியின் குறிகள் என்று நூல்கள் கூறும். இவற்றுள் பல, நச்சுயிரி நேரடியாகச் செய்வன அல்ல. அதனோடு காவலர்கள் போரிடும்போது எழும் ஆரவாரம். காவலர்கள் உறங்கும் உடலில் ஆரவாரம் எழுவதில்லை. பகைவன் ஓசையின்றி உள்ளே நடமாடுகிறான். மேலும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளே கைநடுக்கத்தையும், சிலருக்கு வலிப்பையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும். நடுங்கும் கை மருந்தால் நடுங்குகிறதா, நச்சுயிரியால் நடுங்குகிறதா என்று தேர்ந்த மருத்துவரும் தயங்குவார். எம்.ஆர்.ஐ. படமும், முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் நீரும், அந்நீரில் நச்சுயிரியின் மரபுப் பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் அவருடைய ஐயத்தைப் பெருமளவு தீர்க்கும். ஆனால் அச்சோதனைகளுக்கு ஆணையிட வேண்டுமாயின், ஏதோ மாறியிருக்கிறது என்று யாரேனும் ஒருவர் வந்து சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு நோயாளியின் வழக்கமான பேச்சு தெரியாது. அதனை அறிந்தவர் மனைவி, மகள், அண்டை வீட்டுக்காரர், நாள்தோறும் தேநீர்க் கடையில் உடன் அமரும் நண்பர். பேரனை இறந்துபோன தம்பியின் பெயரால் அழைத்தல், நெடுநாள் பழகிய பொருளின் பெயர் வராமல் 'அது, அது' என்று தேடுதல், செய்தித்தாளின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு முடிந்தது என்று மடித்து வைத்தல், எப்போதும் நகையாடுபவர் திடீரென மௌனமாதல் போன்றவை சிறியனவாகத் தோன்றும். வயதாகிவிட்டது, தூக்கமில்லை, மனக்கவலை என்று அவற்றுக்குக் காரணம் கற்பித்துக் கொள்வதும் எளிது. மாற்றுறுப்புப் பெற்றவரிடம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். ஒருவர் சொல்லும் முறையில் நேர்ந்த நுட்பமான வேறுபாட்டைக் கேட்டுணரும் செவியே இங்கு முதற்கருவி. அத்தகைய செவி பழகிப் பழகி வருவது. யாப்பில் ஓர் அசை பிசகினும் நெருடுகிறது என்று உணரும் செவிகள் நிறைந்த அவை இது. அச்செவிகளுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை வேறொன்று இருத்தல் அரிது.

விரைந்து வந்தால் பயன் உண்டு. ஹெர்ப்பிஸ், அக்கி ஆகியவற்றை உண்டாக்கும் நச்சுயிரிகளுக்கு அசைக்ளோவிர் என்னும் மருந்து இருக்கிறது. 1970-களில் அதனை உலகுக்கு அளித்த ஆய்வில் பங்கு கொண்டவரும் கெர்ட்ரூட் எலியனே. காவலனை உறங்க வைக்கும் மருந்தையும், உறங்கும் வேளையில் புகும் பகைவனைத் தடுக்கும் மருந்தையும் ஒருவரே தந்தார் என்பது மருத்துவ வரலாற்றின் வியத்தகு செய்தி. பதினைந்து வயதில் பாட்டனாரைப் புற்றுநோய்க்கு இழந்த துயரமே அவரை இத்துறைக்கு அழைத்து வந்தது. முனைவர் பட்டப் படிப்பை முடிக்காமலேயே 1988-இல் நோபல் பரிசு பெற்றார். சைட்டோமெகலோ நச்சுயிரிக்குக் கான்சைக்ளோவிர் உண்டு. அறுவைக்குப் பின் முதல் மாதங்களில், நோய் தோன்றுமுன்னரே இத்தகைய மருந்துகளைக் காப்பாகக் கொடுப்பதும் இன்று வழக்கமாகியிருக்கிறது. உயிருள்ள நச்சுயிரியைக் கொண்டு செய்யும் தடுப்பூசிகளை அறுவைக்கு முன்னரே போட்டுவிட வேண்டும். அறுவைக்குப் பின் அவை பொதுவாகத் தவிர்க்கப்படும்.

மருந்தில்லாத நச்சுயிரியாயின் அங்கே பெருந்துயரமான ஒரு தேர்வு எழுகிறது. எதிர்ப்பைத் தளர்த்தும் மருந்துகளைக் குறைத்தால் மூளை பிழைக்கலாம்; பெற்ற உறுப்பு போகலாம். குறைக்காவிடின் உறுப்பு நிற்கலாம், மூளை அழியலாம். சிறுநீரகம் பெற்றவருக்கு டயாலிசிஸ் என்னும் திரும்பும் வழி ஒன்றேனும் உண்டு. இதயமோ கல்லீரலோ பெற்றவருக்கு அவ்வழியும் இல்லை. யாரோ ஒரு தாய், மகனை இழந்த வேளையில் மனமுவந்து கொடுத்த உறுப்பை விட்டுவிடுவதா என்னும் கலக்கமும் குடும்பத்தை வருத்தும். அந்நேரத்தில் மருத்துவர் சொல்வது அவர்களுக்குப் புரியும் தமிழில் இருந்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டு உறுப்புக் கொடைக்கு அஞ்சுதல் கூடாது. கொடையாளரிடமிருந்து மூளை நோய் பரவுதல் மிக மிக அரிது. உறுப்புக் கிடைக்காமல் காத்திருந்து இறப்போரோ பலர். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு, உறுப்புக் கொடை அளித்து மறைவோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என அறிவித்தது. அம்மரியாதை பொருத்தமானதே. கொடை பெருக வேண்டும். அதனோடு கொடையின் வாயிலில் கேட்கப்படும் கேள்விகளும் தெளிவாக வேண்டும்.

இங்கேதான் இவ்வவைக்கு ஒரு பணி காத்திருக்கிறது. உறவினரை இழக்கும் வேளையில் திகைத்து நிற்கும் குடும்பத்திடம் 'விலங்கு வழித் தொற்றுக்கான வாய்ப்பு வரலாறு உண்டா?' என்று கேட்டால் இல்லை என்றே விடை வரும். 'கடந்த ஓரிரு ஆண்டுகளில் இவரை நாயோ பூனையோ குரங்கோ வௌவாலோ கடித்ததா, பிறாண்டியதா? அதைப் பற்றி யாரிடமாவது விளையாட்டாகவேனும் சொன்னாரா? வீட்டில் என்ன பிராணி வளர்க்கிறார்? அண்மையில் எந்த ஊருக்குப் போய் வந்தார்?' என்று கேட்டால் நினைவு திறக்கும். அவ்வாறே, நாள்தோறும் விழுங்கும் மாத்திரையை 'எதிர்ப்புச் சக்தி மாத்திரை' என்று சுருக்கிச் சொன்னால், அது எதிர்ப்பாற்றலை வளர்ப்பது என்று வீட்டார் எண்ணிவிடக்கூடும். எதிர்ப்பைப் பெருக்கும் என்று விற்கப்படும் பொடியையும் லேகியத்தையும் அதனோடு சேர்த்துக் கொடுக்கவும் துணிவர். 'காவல் தளர்த்தும் மருந்து' என்றால் ஐயமின்றி விளங்கும். அதை உண்பவருக்கு அயலார் காவல் தேவை என்பதும் அச்சொல்லிலேயே விளங்கும்.

மருத்துவமனைகளில் வீடு திரும்புவோர் கையில் கொடுக்கப்படும் தாளில், 'பேச்சு, நடை, நினைவு, பார்வை, நடத்தை ஆகிய ஐந்தில் எது மாறினும், காய்ச்சல் இல்லாவிடினும், அன்றே வருக' என்னும் ஒரு வரி எளிய தமிழில் இடம் பெறுதல் வேண்டும். அத்தகைய வரிகளை எழுதுதல் சிறு தொண்டாகத் தோன்றலாம். பெயர் பொறிக்கப்படாத தொண்டு அது. கற்றோரும் கல்லாரும் ஒருமுறை கேட்ட அளவில் நெஞ்சில் நிறுத்தும் வகையில் ஒரு வரியைச் செதுக்குதல் கவிஞர்க்கே கைவந்த கலை. அடுத்த பத்தாண்டுக்கு இவ்வட்டம் மேற்கொள்ளும் பணிகளுள், மருத்துவர்களோடு அமர்ந்து இத்தகைய கேள்விகளையும் அறிவுரைகளையும் நல்ல தமிழில் ஆக்கித் தருவதும் ஒன்றாக அமையுமாயின், அதனால் காக்கப்படும் உயிர்கள் எவை என்பது ஒருகாலும் தெரியவராது. ஆயினும் அவை காக்கப்பட்டிருக்கும்.